பானைத் தண்ணீரில் போட்ட டீ

நம் வயதுக்காரர்களுக்குக் குழாய்ப் பள்ளம் நினைவிருக்கும். தெருக்குழாயில் வேகம் போய், தண்ணீர் தரைக்கு மேலே ஏற முடியாமல் தவித்த வருஷங்கள் அவை. வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, மண்ணுக்கடியில் ஓடும் குழாயை அங்கேயே வெட்டி, உள்ளே இறங்கி நின்று குடம் பிடிப்போம். தண்ணீர் வராத நாட்களில் குழியில் தவளை கிடக்கும். ஒரு முழம் தள்ளிச் சாக்கடை ஓடும். அதைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததாக எனக்கு நினைவில்லை. தண்ணீர் வந்ததே பெரிது.

பிடித்த தண்ணீரை அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டி மண்பானையில் ஊற்றுவோம். துணியில் தங்கிய செம்மண்ணை அம்மா விரித்துக் காட்டி, "பாரு, எவ்ளோ அழுக்கு நின்னுடுச்சு" என்பாள். நின்றது அழுக்கு, இறங்கியது சுத்தம். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது காய்ச்சல்காரர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் உரியது. மற்றவர்கள் வயிற்றுக்குள் போன கொதித்த தண்ணீர் டீ ஒன்றுதான்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் மலையடிவார ஆசிரமத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது. கீழே நாங்கள். மாடியில் ஒரே அறை, அதை ஒட்டித் தகரம் வேய்ந்த சமையல் இடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எட்டு மாதம், அந்த அறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி குடியிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். முடியை ஒட்ட வெட்டியிருப்பார். நாங்கள் அவரை மாடி அம்மா என்போம். ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதியிருந்த எனக்கு இங்கிலீஷ் வரும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. கரண்ட் போனது, மோட்டார் ஓடாதது, கதவைத் தாழ் போடாதது என்று மேலிருந்து கீழுக்கும் கீழிருந்து மேலுக்கும் பேச்சைக் கொண்டுபோவது என் வேலை.

மாடி அம்மா தினமும் காலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஒரு எவர்சில்வர் பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து வெகுநேரம் கொதிக்க விடுவார். ஸ்டவ் இரையும் சத்தம் கீழே கேட்கும். சித்திரை மாதம். மதியத்தில் மலைப்பக்கம் திரும்பி நின்றால் அடுப்பைத் திறந்தது போல முகத்தில் அடிக்கும்.

"இந்த வெயில்ல வெந்நீர்ல குளிக்குது பாரு" என்று அம்மா சொல்வாள். "மலையச் சுத்திச் சுத்தி அதுக்கு மூளை கொழம்பிடுச்சு."

அப்பா சிரிப்பார். பக்கத்து வீட்டுக்கும் அந்தச் சிரிப்பு போயிற்று. அந்தத் தண்ணீர் என்ன ஆகிறது என்று பார்க்க நாங்கள் யாரும் மாடி ஏறவில்லை.

அந்தச் சித்திரையில்தான் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. பன்னிரண்டு வயது இளையவள். அவர்களுக்குப் பெற்றவர்கள் இருவரும் இல்லாததால் முதல் பிரசவத்துக்கு எங்கள் வீடுதான் தாய்வீடு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து, சித்தப்பா கொண்டுவந்து விட்டுப் போனார். அவருக்குப் போளூர் பக்கம் ஒரு அரிசி மில்லில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். சித்தியின் இரண்டு கைகளிலும் முழங்கைக்குப் பாதி தூரம் கண்ணாடி வளையல்கள். பச்சையும் சிவப்பும். பிரசவம் ஆகும்வரை கழற்றக் கூடாது. அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று தேட வேண்டியதில்லை.

சித்தி டீப் பைத்தியம். புகுந்த வீட்டில் ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் குடித்தவள். வயிற்றில் பிள்ளை வந்ததிலிருந்து பால் காயும் வாசனை ஆகவில்லை. அடுப்படியில் பால் பொங்கினால் கொல்லைக்கு ஓடுவாள். பாலில்லாமல் போட்டுக் கொடுத்தாலும் டீத்தூள் கொதிக்கும் ஆவியே குமட்டியது. மாதம் ஏற ஏறச் சரியாகும் என்றார்கள். ஆகவில்லை.

"டீயும் போச்சு. இனிமே எதுக்குடி உயிரோட இருக்கணும்?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எதைச் சொன்னாலும் சிரித்துத்தான் சொல்வாள்.

அம்மா தங்கைக்கென்று சீரகம் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, தனிச் சொம்பில் மூடி வைப்பாள். பிள்ளைத்தாய்ச்சி பச்சைத்தண்ணீர் குடிக்கக் கூடாது. அம்மா இந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை. கிருமி என்ற பேச்சே கிடையாது. பச்சைத்தண்ணீர் ஜீரணமாகாது, அதுதான் காரணம். விதி சரியானது, காரணம் வேறு. காரணம் தெரியாமல் காக்கிற விதி எந்த இடத்தில் உடையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சாயங்காலம் காற்று வாங்க சித்தி மாடிக்குப் போவாள். நானும் கூடப் போவேன். ஒரு நாள் மாடி அம்மா ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டினார். இளம் தேன் நிறம். ஆவி இல்லை, பால் இல்லை. சித்தி முதலில் முகர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு வாய். பிறகு டம்ளரைக் கீழே வைக்காமல் முழுவதும்.

"டீதான்டி இது" என்றாள் என்னிடம். காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். "கொமட்டவே இல்ல."

எப்படிப் போடுவது என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். மாடி அம்மா மறுநாள் சாயங்காலம் என்னை உட்கார வைத்துச் செய்து காட்டினார். நம் ஊர் டஸ்ட் டீயில் வராது, இலைத் தேயிலையாக இருக்க வேண்டும் என்று தன்னிடமிருந்த பொட்டலத்தில் பாதியைக் கொடுத்தார். மூடியில் கம்பிக் கொக்கி வைத்த, வாய் அகன்ற கண்ணாடி பாட்டில் ஒன்றையும் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இலை, நான்கு ஸ்பூன். தண்ணீர், ஒரு பாட்டில். இறுக்கி மூட வேண்டும். ஈரத்துணி சுற்றி, நனைந்த மணலில், நிழலில் வைக்க வேண்டும். மறுநாள் காலை துணியில் வடிகட்ட வேண்டும். சர்க்கரை கம்மி. எலுமிச்சை அரை மூடி.

எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை. தட்டு போட்டு மூடிய எவர்சில்வர் பாத்திரத்திலிருந்து அவர் ஊற்றினார். அவ்வளவுதான் நான் பார்த்தேன். காலையில் கொதித்த தண்ணீர் ஆறி அதில் இருந்தது. அவரைப் பொறுத்தவரை அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. தண்ணீர் என்றாலே அவருக்குக் காய்ச்சிய தண்ணீர்தான்.

கீழே வந்து அம்மாவிடம், சித்தியின் சீரகத் தண்ணீரில் போடட்டுமா என்று கேட்டேன். கேட்டேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"சீரகத் தண்ணியில போட்டா ரசம் மாதிரி இருக்கும்" என்றாள் அம்மா. "பானையில மொண்டு போடு. ஜில்லுனும் இருக்கும்."

டீ என்ற பெயர் வந்துவிட்டதால் அது பச்சைத்தண்ணீர் இல்லை என்று ஆகிவிட்டது. டீ குடித்தால் ஜீரணம் நன்றாகும் என்று அம்மா சொல்லவும் செய்தாள்.

பானைக்கு அடியில் இருக்கும் மணல் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். பாட்டிலை அதிலேயே புதைத்து வைத்தேன். ஏறக்குறைய ஐந்து வாரம், ஒரு நாள் தவறாமல். காலையில் பாட்டிலை வெளியே எடுத்து மணலைத் துடைப்பதும், இலைகள் முழுதாக விரிந்து அடியில் படிந்திருப்பதைப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்கும். சித்தி வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். வளையல்கள் முழங்கைப் பக்கம் சரியும். "எங்க வூட்டு டீ மாஸ்டர்" என்று தெருவில் போகிறவர்களிடம் என்னைக் காட்டுவாள். அந்த ஐந்து வாரத்தில் அவள் முகம் தெளிந்திருந்தது. வெள்ளைக்காரி டீ வேலை செய்கிறது என்று அம்மாவே சொன்னாள்.

வைகாசிக் கடைசியில் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். அப்பாவுக்கு ஒரு வாரம் சாப்பாடு பிடிக்கவில்லை. கண் கொஞ்சம் மஞ்சளாக இருப்பதாக ஆபீசில் யாரோ சொன்னார்களாம். தெருவில் இன்னும் மூன்று வீட்டில் மஞ்சள் காமாலை. உஷ்ணம் ஜாஸ்தி, அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். படுத்து எழுந்து எல்லோரும் தேறினோம்.

சித்திக்கு அப்போது ஒன்பதாம் மாதம் பிறக்கப் போகிறது. ஒரு காலையில் கொல்லையிலிருந்து வந்து, "குடிச்ச டீ அப்படியே வருதுடி" என்றாள். சிரித்தாள். மூத்திரம் டிக்காஷன் நிறத்தில் போயிருந்தது. அம்மா அவளை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய்க் கீழிமையை இறக்கிப் பார்த்தாள். கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பச்சிலை கொடுப்பவர் ஒருவரிடம் போனார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி மூன்று நாள் கொடுத்தார்கள். காமாலைக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது என்பது நம் ஊர்களில் அப்போது எல்லோரும் சொன்ன பேச்சு. மூன்றாம் நாள் சித்தி சோற்றைத் தொடவில்லை. பகலிலும் தூங்கினாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா வந்தார். என்ன சாப்பிட்டாள், என்ன குடித்தாள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். தேயிலைப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்தார். அதில் எழுதியிருந்த எழுத்து அவருக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

"இன்னா இலைனே தெரியாம ஒரு புள்ளத்தாச்சிக்குக் குடுத்திருக்கீங்க" என்றார் அம்மாவைப் பார்த்து.

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். மூவரும் மாடிக்குப் போனோம். மாடி அம்மா பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். என்ன இலை கொடுத்தாய், அதில் என்ன கலந்தாய் என்று சித்தப்பா கேட்டார். நான் இங்கிலீஷில் கேட்டேன். சித்திக்குக் காமாலை என்று எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன்: கண் மஞ்சள். மாடி அம்மாவின் முகம் மாறியது. அவர் சித்தப்பாவைப் பார்க்கவில்லை. குனிந்து என்னைப் பார்த்தார். எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகக் கேட்டார்: தண்ணீரை முதலில் கொதிக்க வைத்தாயா? ஸ்டவ்வைக் காட்டினார். தட்டு மூடிய பாத்திரத்தைக் காட்டினார். ஐந்து விரல்களையும் மேலே பார்க்க வைத்துத் துடிக்கத் துடிக்க அசைத்துக் காட்டினார்.

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட என்னிடமே நான் சொல்லிக்கொண்டதில்லை. அந்த ஸ்டவ், அந்தப் பாத்திரம், வெந்நீர்க் குளியல், நோட்டின் கடைசிப் பக்கம், எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தன.

"இன்னா சொல்லுது?" என்றார் சித்தப்பா.

"நல்ல இலைதானாம். அவங்களும் டெய்லி அதத்தான் குடிக்கிறாங்களாம்" என்றேன்.

மாடி அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் கேட்டதைவிட நான் சொன்னது வேறு மாதிரி இருந்தது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மறுபடியும் கேட்டார். மறுபடியும் விரல்களை அசைத்தார். சித்தப்பா, தினமும் குடிக்கிற இவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, நம்ம பெண்ணுக்குத்தானே ஆனது என்று கத்தினார். அப்போது அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"காலி பண்ணச் சொல்லு."

சித்தப்பா உடனே அடங்கினார். நான் சொன்னேன். அது சரியான மொழிபெயர்ப்பு.

மாடி அம்மா இரண்டு நாளில் போனார். போகும்போது கீழே வந்து, சித்தி படுத்திருந்த அறை வாசலில் நின்றார். அம்மா கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். டாக்டர், டாக்டர் என்று அவர் என்னிடம் மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். அந்தப் பாட்டிலை அம்மா மறுநாள் பழைய பேப்பர்க்காரரிடம் கொடுத்தாள். கூட வேறு எதையும் போடவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சித்தி பேச்சைக் குழப்பத் தொடங்கினாள். என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். போளூர் பஸ் போய்விடும் என்று எழுந்து உட்கார்ந்தாள். அதற்கு மேல்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். டாக்டர் கண்ணைப் பார்த்தார், எத்தனை நாளாக இப்படி என்று விசாரித்தார். ஏன் இவ்வளவு லேட் என்று கேட்டார். அப்புறம், "வீட்ல தண்ணி காய்ச்சித்தான் குடிக்கிறீங்களா?" என்றார்.

"காய்ச்சித்தான் சார் குடிக்கிறோம்" என்றாள் அம்மா.

பக்கத்தில் நின்றிருந்த நான் தரையைப் பார்த்தேன். அம்மா பொய் சொல்லவில்லை. நான்கு நாளாக நாங்கள் காய்ச்சித்தான் குடித்துக்கொண்டிருந்தோம்.

குழந்தை இறந்து பிறந்தது. பையன். இரண்டாம் நாள் மத்தியானம் சித்தியும் போனாள். கண் விழிக்கவில்லை. ஊசி போடவும் குளுக்கோஸ் ஏற்றவும் வளையல்களைக் கழற்றியிருந்தார்கள். கை வீங்கியிருந்ததால் பாதியை உடைத்துத்தான் எடுக்க முடிந்ததாம். முழுசாக வந்ததையும் உடைந்ததையும் சேர்த்து ஒரு செய்தித்தாளில் மடித்து நர்ஸ் அம்மாவிடம் கொடுத்தார். அந்தப் பொட்டலம் எங்கள் வீட்டில் பல வருஷம் பீரோவுக்கு மேலே இருந்தது. வீடு மாறும்போது காணாமல் போயிற்று.

சித்தப்பா பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டார். விசேஷங்களில் பார்க்கும்போதெல்லாம், வெள்ளைக்காரி ஏதோ இலையைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்றுதான் சொல்வார். கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நானும் அம்மாவும் அங்கேதான் நிற்போம்.

பின்னாளில் நான் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு கோடையில், ஏதோ ஒரு ஊரில் காமாலை பரவுவதைப் பற்றிய செய்தி திருத்துவதற்கு வந்தது. குடிநீரில் சாக்கடை கலந்தால் வருகிற ஒரு வகைக் காமாலை, மற்றவர்களுக்கு லேசாக வந்து போய்விடும், நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு உயிருக்கே ஆபத்து என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தேன். ஒரு எழுத்துப்பிழை இருந்தது. திருத்தி அனுப்பினேன்.

அந்த வேலையில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எது முதலில் நடந்தது, எது பிறகு என்று எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது. அப்படி ஒரு நாள் அந்த ஞாயிற்றுக்கிழமையை வரிசைப்படுத்தினேன். டாக்டர் கேட்டதால்தான் அம்மா தண்ணீர் காய்ச்சத் தொடங்கினாள் என்று, வருஷங்கள் போனதில் என் நினைவு மாறிப்போயிருந்தது. டாக்டர் கேட்டது வியாழக்கிழமை. அம்மா பெரிய குண்டானை அடுப்பில் ஏற்றி, பானைத் தண்ணீரை முழுக்கக் கொல்லையில் கொட்டியது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மாடியிலிருந்து இறங்கி வந்த உடனே. கைகூடக் கழுவவில்லை. இடைப்பட்ட நேரத்தில் தண்ணீரைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, அப்பா வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் மாட்டினார். நான் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா மெஷின் தண்ணீரையும் குண்டானில் பிடித்துக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் தண்ணீரைக் காய்ச்ச வேண்டியதில்லை என்றேன். இருக்கட்டும் என்றாள். அடுப்பங்கரையில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"அன்னிக்கி மாடி அம்மா கேட்டத நான் சொல்லலம்மா" என்றேன்.

"தெரியும்."

அவள் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கி, ஐந்து விரல்களையும் மேலே பார்க்க வைத்து அசைத்தாள்.

"இப்பிடிக் காட்டுனாங்களே. அதுக்கு இங்கிலீஷ் இன்னாத்துக்கு?"

நான் அந்தக் கையையே பார்த்தேன்.

"பானையில போடச் சொன்னது நானு. நீ அத சொல்லியிருந்தா உங்க சித்தப்பா என் மூஞ்சியத்தான் பாத்திருப்பாரு. நீ சொல்லல. சரி, அப்பிடியே இருக்கட்டும்னு அந்தம்மாவ அனுப்பிட்டேன். அவங்க இருந்தா திரும்பத் திரும்பக் கேட்டுக்கினே இருப்பாங்க." அடுப்பை அணைத்தாள். குண்டான் மேல் தட்டை எடுத்து மூடினாள். "டாக்டர்னு சொல்லிட்டுப் போனாங்க. அன்னிக்கே கூட்டிக்கினு போயிருந்தா, இவ பொழச்சிருப்பாளோ என்னமோ. அவங்க சொன்னாங்கன்றதுக்காகவே ரெண்டு நாள் போவாம இருந்தேன்."

அம்மா இப்போது இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது. அன்று அவள் கையைத் துடைத்துக்கொண்டு கடைசியாக என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அந்தம்மா எந்த ஊருடி? தெரிஞ்சா ஒரு லெட்டராவது போடலாம்."

எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் எங்கள் தலைக்கு மேலே குடியிருந்தவர். அதை அவரிடம் நாங்கள் யாரும் கேட்டிருக்கவில்லை.